ஒரு ராஜாவின் கடன் கணக்கு: பவேரியக் கோட்டைகளில் ஒரு நாள்



ஜெர்மனியில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து, மாலை நடையில் எதிர்ப்படும் எல்லோரும், "கோட்டையெல்லாம் பார்த்தீங்களாமே, நம்ம மடலுக்கு எழுதுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செயலாளரும் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். மலையையும் பனியையும் வர்ணிக்க எனக்கு வராது, வரவு செலவு எழுதத்தான் வரும். அதனால் அந்தக் கோட்டைகளைக் கட்டிய ராஜாவின் கடன் கணக்கையே எழுதுகிறேன். மலையும் பனியும் நடுநடுவே தானாக வந்துவிடும்.

மகள் இருப்பது மியூனிக் நகரில். அங்கிருந்து கோட்டைகளுக்குப் பெரிய சுற்றுலாப் பேருந்துகள் தினமும் போகின்றன. என் மனைவிக்கு முழங்கால் வலி. ஐம்பது பேர் கூட்டத்தோடு ஓட முடியாது. எனவே மாப்பிள்ளை தனி வேன் ஏற்பாடு செய்தார். நாங்கள் நால்வர், மாப்பிள்ளையின் நண்பர் குடும்பத்தில் இருவர், ஆக ஆறு பேர். வண்டி ஓட்டுபவரே வழிகாட்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். நிதானமான ஆங்கிலம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

தெற்கே ஒரு மணி நேரம் போனதும் சமவெளி முடிந்து ஆல்ப்ஸ் மலை சுவர் போல எழும்புகிறது. மே மாதக் கடைசியிலும் உச்சிகளில் வெள்ளை போகவில்லை. ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான சுக்ஷ்பிட்ஸ, 2,962 மீட்டர், அந்தப் பக்கம்தான் இருக்கிறது. முதலில் எட்டால் என்ற இடத்தில் 1330ல் நிறுவப்பட்ட மடாலயத்தைப் பார்த்தோம். பின்னர் மலைச்சாலையில் திரும்பி லிண்டர்ஹோஃப் மாளிகைக்குப் போனோம்.

இங்கே நம் கதாநாயகரை அறிமுகம் செய்துவிடுகிறேன். அவர் இரண்டாம் லூட்விக். பவேரியா அன்று தனி ராஜ்யம். அவர் பிறந்தது 1845 ஆகஸ்ட் 25. தந்தை இரண்டாம் மாக்சிமிலியன் 1864ல் காலமாக, பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்தார். இரண்டே வருடத்தில் ஒரு போர். 1866ல் ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவை எதிர்த்துத் தோற்றார்கள். நஷ்டஈடாக 3 கோடி கில்டர் கட்ட வேண்டி வந்தது. படை விஷயத்திலும் பிரஷ்யாவுக்குக் கட்டுப்பட வேண்டி வந்தது. 1871ல் பிஸ்மார்க் ஜெர்மனியை ஒரே பேரரசாக்கியபோது பவேரிய ராஜா பெயருக்கு ராஜாவாக மிஞ்சினார். நாட்டை ஆளும் வேலை கைவிட்டுப் போகப் போக, அவர் கட்டடம் கட்டும் வேலையில் இறங்கினார்.

லிண்டர்ஹோஃப் அவர் கட்டிய மூன்று பெரிய மாளிகைகளில் சிறியது. அவர் காலத்திலேயே முடிந்ததும் இது ஒன்றுதான். உள்ளே பிரெஞ்சு அரச பாணியில் தங்க வேலைப்பாடும் கண்ணாடி அறையும். என்னைக் கவர்ந்தது சாப்பாட்டு மேசை. அது அப்படியே தரைக்குக் கீழே சமையலறைக்கு இறங்கும். பதார்த்தங்களை அடுக்கியதும் மேலே ஏறி வரும். பரிமாறும் ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ராஜா தனியாகச் சாப்பிடலாம். தோட்டத்தில் ஒரு செயற்கைக் குகை, அதற்குள் ஒரு குளம், சிப்பி வடிவத்தில் ஒரு படகு. குகைக்கு வண்ண விளக்கு போட 24 டைனமோக்கள் வைத்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். பவேரியாவின் ஆரம்பகால மின் நிலையங்களில் அதுவும் ஒன்று.

"செலவு எவ்வளவு?" என்று கேட்டேன். வழிகாட்டி அம்மையார் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். லிண்டர்ஹோஃப் சுமார் 85 லட்சம் மார்க். இனி பார்க்கப் போகும் நொய்ஷ்வான்ஷ்டைன் 32 லட்சம் என்று மதிப்பிட்டு ஆரம்பித்து, ராஜா இறந்தபோது 62 லட்சத்தைத் தொட்டிருந்தது. அப்போதும் வேலை முடியவில்லை. கீம்ஸே ஏரித் தீவில் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துக் கட்டிய ஹெர்ரென்கீம்ஸே 1 கோடியே 66 லட்சம், அதுவும் அரைகுறை. நான் வழக்கமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். மாப்பிள்ளை, "மாமா, ஆடிட் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

லிண்டர்ஹோஃபிலிருந்து கோட்டைகளுக்குப் போகும் சாலை சற்று நேரம் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்து வெளியே வருகிறது. எல்லையில் நிறுத்திக் கேட்பவர் யாரும் இல்லை. வழியில் பிளான்ஸே ஏரி. இரண்டு பக்கமும் செங்குத்து மலை, நடுவில் பச்சைக் கண்ணாடி போலத் தண்ணீர். கரையில் உட்கார்ந்து, மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சாப்பிட்டோம். வழிகாட்டி அம்மையாரும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

மதியம் ஹோஹென்ஷ்வாங்கௌ கிராமம். இங்கே எதிரும் புதிருமாக இரண்டு கோட்டைகள். கீழே மஞ்சள் நிறத்தில் இருப்பது ஹோஹென்ஷ்வாங்கௌ கோட்டை. இடிந்து கிடந்த பழைய கோட்டையை 1830களில் லூட்விக்கின் தந்தை புதுப்பித்துக் கட்டியது. சுவர்களில் அன்ன வீரன் லோஹென்கிரின் கதை உள்பட பழைய காவியக் காட்சிகள். சிறு வயதில் இந்தச் சித்திரங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைதான் லூட்விக். எதிர்க் குன்றில் வெள்ளையாக நிற்பது நொய்ஷ்வான்ஷ்டைன். அந்தப் பெயருக்குப் புதிய அன்னப்பாறை என்று பொருள். ராஜா உயிரோடிருந்தவரை அந்தப் பெயர் கிடையாது. அவர் இறந்த பிறகு வைத்தது. வேலை நடந்த காலத்தில் அப்பாவின் கோட்டை ஜன்னலிலிருந்து தொலைநோக்கி வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

1869 செப்டம்பர் 5 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்பே அங்கிருந்த இரண்டு பழைய கோட்டைகளின் மிச்சங்களை அகற்றி, பாறையை வெடி வைத்து எட்டு மீட்டர் அளவுக்குக் குறைத்துச் சமப்படுத்தினார்கள். பார்ப்பதற்கு எழுநூறு, எண்ணூறு வருடப் பழமை போல் தெரியும். ஆனால் முதல் வரைபடம் போட்ட கிறிஸ்டியான் யாங்க் நாடக மேடைக்குக் காட்சி அமைப்பவர். செங்கல் சுவர் எழுப்பி, வெளியே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதித்திருக்கிறார்கள். பாரம் தூக்க நீராவி கிரேன். 1879, 1880 ஆகிய இரண்டு வருடங்களுக்கான பொருள் கணக்கு இருக்கிறது: சால்ஸ்பர்க் பளிங்கு 465 டன், மணற்கல் 1,550 டன், செங்கல் 4 லட்சம், சிமென்ட் 600 டன். உள்ளே வெந்நீர்க் குழாய், தண்ணீர் ஊற்றும் கழிவறை, வெப்பக் காற்றால் அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு, வேலையாட்களைக் கூப்பிட மின்சார மணி, தொலைபேசி எல்லாம் உண்டு. பழங்காலத்து வேஷம் போட்ட அந்தக் காலத்து நவீன வீடு.

வேலையாட்கள் சமாச்சாரம் நம் சங்கத்துக்குப் பிடிக்கும். சாதாரணமாக இருநூறு பேர், அவசர நாட்களில் முந்நூறு பேர், சில சமயம் எண்ணெய் விளக்கு வைத்து இரவிலும் வேலை. இருபது வருடத்துக்கு அந்த வட்டாரத்துக்கே சோறு போட்டது இந்தக் கட்டுமானம்தான். 1870ல் அந்தக் கைவினைஞர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தொழிலாளி மாதச் சந்தா கட்டுவார். ராஜாவும் தன் பங்குக்குப் பணம் போட்டார். நோயோ காயமோ வந்தால் பதினைந்து வாரம் வரை சம்பளம். வேலையில் இறந்தவர் குடும்பத்துக்குச் சிறு ஓய்வூதியம். ஜெர்மனி முழுவதற்கும் நோய்க்காப்பீட்டுச் சட்டம் வந்தது 1883ல். இது அதற்குப் பதின்மூன்று வருடம் முந்தியது.

மேலே போகச் செங்குத்தான பாதையில் அரை மணிக்கு மேல் நடக்க வேண்டும். பேருந்தும் உண்டு, குதிரை வண்டியும் உண்டு. நாங்கள் பேருந்தில் போய் முதலில் மரியன்புரூக்க பாலத்தில் இறங்கினோம். லூட்விக்கின் தாயார் மரி மலையேற்றத்தில் ஆர்வமுள்ளவர். அவருக்காகத் தந்தை கட்டிய மரப்பாலம் அது. 1866ல் மகன் அதை இரும்பில் மாற்றினார். கீழே சுமார் 90 மீட்டர் பள்ளம், அதில் பொல்லாட் அருவி. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் கோட்டை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். பலகைக்குக் கீழே பள்ளம் தெரிகிறது என்று மனைவி என் கையை விடவே இல்லை. அந்த நிமிஷம் நானும் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

கோட்டைக்குள் வெளி வழிகாட்டிகள் பேசக் கூடாது. அவர்களுடைய ஆளே குறித்த நேரத்தில் குழுவாகக் கூட்டிப் போகிறார். புகைப்படம் எடுக்கக் கூடாது. சுற்றி வர அரை மணிதான். இருநூறுக்கும் மேற்பட்ட அறைகளுக்குத் திட்டம். முடிந்தவை பதினைந்து சொச்சம். சிம்மாசன மண்டபத்தில் கிரீட வடிவில் 96 மெழுகுவத்திகளுக்கான தொங்கு விளக்கு, தரையில் இருபது லட்சம் சில்லுக்கற்கள் பதித்த சித்திரம். சிம்மாசனம் இருக்க வேண்டிய மேடை காலியாக இருக்கிறது. அது செய்து வருவதற்குள் ராஜா போய்விட்டார். படுக்கையறை மரவேலைக்குப் பதினான்கு தச்சர்கள் நான்கு வருடம் உழைத்தார்கள். இவ்வளவும் கட்டிவிட்டு அந்தக் கோட்டையில் அவர் தங்கியது மொத்தம் 172 நாள்.

இப்போது கடனுக்கு வருகிறேன். பலர் நினைப்பது போல் மக்களின் வரிப்பணத்தைத் தின்று கட்டியதில்லை. அரச குடும்பத்துக்கு உரிய சொந்த வருமானம், பிஸ்மார்க் ரகசியமாகக் கொடுத்த பணம், மீதிக்குக் கடன் என்றுதான் போயிருக்கிறது. 1884ல் நிதி மந்திரி வங்கிகளின் கூட்டமைப்பில் பேசி 75 லட்சம் மார்க் கடன் வாங்கிக் கொடுத்தார். பழைய பாக்கியை அடைக்க அது சரியாய்ப் போனது. ராஜா கை நிற்கவில்லை. அடுத்த வருடமே மொத்தக் கடன் 1 கோடியே 40 லட்சத்தைத் தொட்டது. வெளிநாட்டு வங்கிகள் ஜப்தி செய்வோம் என்று மிரட்டின. மந்திரிகள் சிக்கனம் சொன்னார்கள். அவர் மந்திரிகளையே மாற்றிவிடுவதாகச் சொன்னார். இரவில் விழித்துப் பகலில் தூங்குவார், தலைநகருக்கு வரமாட்டார், வேலையாட்களிடம் கடுமையாக நடப்பார். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. எந்த வங்கியிலும் இது வாராக்கடன் கணக்குதான்.

மந்திரிகள் எடுத்த வழி வேறு. ராஜாவுக்குப் புத்தி சரியில்லை என்று அறிக்கை வாங்கினார்கள். டாக்டர் பெர்ன்ஹார்ட் ஃபான் குட்டன் தலைமையில் நான்கு மனநல மருத்துவர்கள் 1886 ஜூன் 8 அன்று கையெழுத்திட்டார்கள். அந்த அறிக்கைக்காக நால்வரில் ஒருவர்கூட ராஜாவைப் பரிசோதிக்கவில்லை. வேலைக்காரர்களிடம் திரட்டிய வாக்குமூலங்கள், கடிதங்கள், அவ்வளவுதான் ஆதாரம். ஜூன் 10ல் சித்தப்பா லூயிட்போல்ட் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 12ஆம் தேதி விடியற்காலை ராஜாவை இதே கோட்டையிலிருந்து பெர்க் மாளிகைக்குக் கொண்டு போனார்கள். என்னைப் பரிசோதிக்காமல் எப்படி எழுதினீர்கள் என்று அவர் டாக்டரிடம் கேட்டதாகவும், கோப்பில் உள்ள சான்றுகளே போதும் என்று டாக்டர் சொன்னதாகவும் பதிவாகியிருக்கிறது. மறுநாள் 13ஆம் தேதி மாலை இருவரும் ஷ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் நடக்கப் போனார்கள். இரவு இருவரையும் ஆழமில்லாத தண்ணீரில் பிணமாக எடுத்தார்கள். ராஜாவுக்கு நாற்பது வயது. தற்கொலை என்றது அரசு. சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

இதை வழிகாட்டி அம்மையார் கோட்டை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர்க் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் கடைக்கு வாங்கிய கடனில் வீடு கட்டினார். சின்ன வீடில்லை, முன்னால் பெரிய தூண்கள், உள்ளே நூறு பேர் உட்காரும் கூடம். ஊரே சிரித்தது. தவணை நின்றது. மேலே அனுப்ப ஒரு குறிப்பு தயார் செய்யச் சொன்னார்கள். போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நான் போகவில்லை. டீக்கடையில் கேட்டதை வைத்து, கடனாளி பொறுப்பற்றவர், மனநிலை சரியில்லாதவர் போல் நடந்துகொள்கிறார், அவகாசம் கொடுத்துப் பயனில்லை என்று எழுதிவிட்டேன். கையெழுத்து மேலதிகாரி போட்டார், வாசகம் என்னுடையது. வீடு ஏலத்துக்குப் போனது. ஏலம் முடிந்த வாரம் அவர் கிளைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஏலத்தில் எடுத்தவர் அதைக் கல்யாண மண்டபமாக்கினார். முகூர்த்த நாட்களில் அந்தக் கூடம் காலியாக இருந்ததில்லை. கடைக்காரர் மனதிலும் அதே எண்ணம் இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

கடன் கொடுத்த பணம் திரும்பி வர வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது. அந்த ஏலத்தைக்கூடத் தவறு என்று சொல்லமாட்டேன். போய்ப் பார்க்காமல் ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதியது தவறு. லூட்விக் கதையிலும் என்னை உறுத்தியது அதுதான். அவர் கடன் உண்மை. அவருக்கு நோய் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். பார்க்காமல் எழுதிய அந்த அறிக்கையால் இன்று வரைக்கும் யாராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கணக்கின் மிச்சப் பகுதியையும் சொல்லிவிடுகிறேன். ராஜா இறந்து ஏழே வாரத்தில், 1886 ஆகஸ்ட் 1 அன்று, நொய்ஷ்வான்ஷ்டைனை நுழைவுச்சீட்டு வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மனிதர் கண்ணில் படாமல் இருக்க அவர் கட்டிய வீடு அது. மீதி வேலையை எளிமையாக்கி 1892 வாக்கில் நிறுத்திக்கொண்டார்கள். திட்டத்திலிருந்த பெரிய கோபுரம் கட்டப்படவே இல்லை. 1899க்குள் கட்டுமானக் கடன் அடைந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் நாட்டு யூதக் குடும்பங்களிடம் நாஜிகள் கொள்ளையடித்த ஆயிரக்கணக்கான கலைப்பொருட்களை இங்கே பதுக்கினார்கள். 1945ல் அமெரிக்கப் படை கண்டெடுத்தது. டிஸ்னிலாந்தின் கோட்டைக்கும் இதுவே மாதிரி. இப்போது வருடத்துக்கு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். 2025 ஜூலையில் லூட்விக்கின் மாளிகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1885ல் வாராக்கடன் என்று எழுதிய அதே சொத்துதான் இன்று அந்த மாநிலத்தின் அடையாளம். அன்றைய மந்திரிகள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் பேரேட்டில் இதற்கு ஒரு பத்தி இருந்திருக்காது.

மாலை ஆறு மணிக்குத் திரும்பினோம். வண்டி சமவெளிக்கு வந்த பிறகும் வெகுநேரம் பின்னால் மலை தெரிந்துகொண்டிருந்தது. "அந்தப் பாத்திரக் கடைக்காரர் பேர் ஞாபகம் இருக்காங்க?" என்று மனைவி கேட்டாள். இருக்கிறது என்றேன். கணக்கு எண்ணும் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

நொய்ஷ்வான்ஷ்டைன் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். சீட்டில் உள்ள நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். தனி வேன் எடுத்தாலும் நுழைவுச்சீட்டு அந்தக் கட்டணத்தில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே படிகள் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துப் போவது நல்லது.

பனிக்காலத்தில் பாலத்தை மூடிவிடுவார்கள். மே கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அப்போதும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

தனி வண்டி செலவு அதிகம்தான். ஆறு பேர் பங்கு போட்டால் தாங்கும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பிடித்த இடத்தில் கட்டுச்சோறு பிரிக்கலாம்.

மேற்கொண்டு விவரம் வேண்டுவோர், மாலை ஆறு மணிக்கு மேல் பூங்கா பெஞ்சில் என்னைப் பார்க்கலாம். நோட்டு கையில்தான் இருக்கும்.